‘பால் ஃபோர்’: ஒரு பேஸ்பால் வீரரின் 1969 நாட்குறிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன புத்தகம்? எழுதியவர் யார்?

ஜிம் பௌட்டன் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரர், 1969ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் தாம் பார்த்ததையும் கேட்டதையும் அன்றன்றே குறித்து வைத்து, 1970 ஜூன் மாதம் வெளியிட்ட நூல் ‘பால் ஃபோர்’. அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை அவர் சியாட்டில் பைலட்ஸ் அணியிலும், ஆகஸ்ட் இறுதிக்குப் பிந்தைய வாரங்களை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியிலும் கழித்தார். விளையாட்டு வீரர்களின் பெயரில் அதுவரை வந்த நூல்கள் பெரும்பாலும் வெற்றிகளையும் நன்றிகளையும் அடுக்கிச் சொல்பவையாக இருந்தன. இதுவோ, தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணியின் கடைசி வரிசையில் இருந்தவர், அடுத்த வாரம் தமக்கு வேலை இருக்குமா என்று தெரியாத நிலையில் எழுதியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இது படிக்கப்படுவதற்கு அந்த நிலைதான் முதற்காரணம் என்பது என் எண்ணம்.

அதற்கு முன் பௌட்டன் எப்படிப்பட்ட ஆட்டக்காரராக இருந்தார்?

அவர் பிட்சர், அதாவது மட்டையாளரை நோக்கிப் பந்தெறிபவர். 1939இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் நூவர்க் நகரில் பிறந்து, 1962இல் நியூயார்க் யாங்கீஸ் அணியில் சேர்ந்தார். 1963இல் 21 ஆட்டங்களில் வென்று 7இல் மட்டுமே தோற்றார். மறு ஆண்டில் 18 வெற்றிகளுடன், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு எதிரான உலகத் தொடரிலும் (ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) இரண்டு ஆட்டங்களை வென்றார். முழு உடலையும் வீசி எறிவதால் பந்தோடு சேர்ந்து அவருடைய தொப்பியும் கழன்று விழுவது அந்நாளில் ரசிகர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்த காட்சி.

அந்தக் கடும் உழைப்புக்குக் கை விலை கொடுத்தது. 1965இல் கைவலியோடு ஆடி 4 வெற்றி, 15 தோல்வி என்று சரிந்தார். அதன்பின் வேகம் திரும்பவே இல்லை. 1968இல் யாங்கீஸ் அவரை விற்றுவிட்டது. வேகம் தேவைப்படாத நக்கிள்பாலை நம்பித்தான் தம் முப்பதாவது வயதில் அவர் சியாட்டிலுக்கு வந்து சேர்ந்தார்.

நக்கிள்பால் என்றால் என்ன? பேஸ்பால் தெரியாமல் இந்த நூலைப் படிக்க முடியுமா?

தாராளமாகப் படிக்கலாம். பந்தைச் சுழலவிடாமல், விரல் நுனிகளால் பிடித்துத் தள்ளிவிடுவது நக்கிள்பால். சுழற்சி இல்லாததால் பந்தின் தையல்மேல் காற்று படும் விதத்திற்கேற்ப அது கடைசி நொடியில் எந்தப் பக்கமும் விலகும். எங்கே போகும் என்று மட்டையாளருக்கும் தெரியாது, பிடிப்பவருக்கும் தெரியாது, சில நேரம் எறிந்தவருக்கே தெரியாது. மட்டையாளரின் எல்லைக்கு வெளியே நான்கு முறை எறிந்துவிட்டால் அவர் அடிக்காமலேயே முதல் தளத்திற்கு நடந்து போகலாம். அந்த நான்காவது பந்துதான் நூலின் பெயர். நக்கிள்பாலை நம்பி வாழ்பவரின் நிரந்தர அச்சமும் அதுவே.

கிரிக்கெட் மட்டும் அறிந்த வாசகர் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். ஆட்ட நுணுக்கம் வரும் பக்கங்கள் குறைவு. ஓட்டல் அறை, விமானம், பேருந்து, உடைமாற்றும் அறை, ஆட்டத்திற்குள் அழைப்பு வருமா என்று காத்திருக்கும் பெஞ்சு ஆகியவைதான் நூலின் களம்.

அந்த 1969 பருவம் அவ்வளவு கொந்தளிப்பாக இருந்தது ஏன்?

சியாட்டில் பைலட்ஸ் என்ற அணியே அவசரத்தில் பிறந்தது. கான்சஸ் சிட்டியில் இருந்த அணியை அதன் உரிமையாளர் 1967 பருவத்திற்குப் பிறகு ஓக்லாந்துக்குக் கொண்டுபோனதும், மிசூரி மாநிலத்தின் செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன் சினந்தெழுந்து, ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பேஸ்பாலுக்கு இருக்கும் விலக்கையே கேள்விக்குள்ளாக்குவேன் என்று மிரட்டினார். பேஸ்பாலின் இரு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் பணிந்து, கான்சஸ் சிட்டிக்கும் சியாட்டிலுக்கும் திட்டமிட்டதற்கு இரண்டு ஆண்டு முன்பாகவே, 1969இல், புதிய அணிகளை இறக்கியது. சியாட்டிலில் பணமும் இல்லை, தகுந்த அரங்கமும் இல்லை.

1938இல் கட்டப்பட்ட சிக்ஸ் ஸ்டேடியம்தான் அவர்களுக்கு வாய்த்தது. ஏப்ரல் 11 அன்று உள்ளூரில் முதல் ஆட்டம் தொடங்கியபோதும் இருக்கைகளைப் பொருத்தும் வேலை முடியவில்லை. பார்வையாளர் கூட்டம் பெருகினால் குழாய்களில் தண்ணீரின் அழுத்தம் குறைந்துவிடும். வீரர்களுக்குக் கப்பல் தலைவனின் தொப்பியைப் போலத் தங்கநிற வேலைப்பாடு செய்த தொப்பியைக் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் 64 வெற்றி, 98 தோல்வி என்று பிரிவில் கடைசி இடத்தில் முடித்தார்கள். ஆண்டு முழுவதும் அரங்கிற்கு வந்தவர்கள் ஏழு லட்சத்தைக்கூட எட்டவில்லை.

பருவம் முடிந்ததும் கடன் கழுத்தை நெரித்தது. 1970 மார்ச் 31 அன்று நீதிமன்றம் அணியைத் திவாலானதாக அறிவித்தது. பட் சீலிக் தலைமையிலான குழு அதை வாங்கி மில்வாக்கிக்குக் கொண்டுபோனது. ஒரு வாரத்தில், ஏப்ரல் 7 அன்று, அதே அணி மில்வாக்கி ப்ரூவர்ஸ் என்ற பெயரில் ஆடியது. சட்டைகளிலிருந்து பழைய பெயரைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதிய பெயரைத் தைத்திருந்தார்கள். ஒரே ஒரு பருவம் வாழ்ந்து மறைந்த அந்த அணியை இன்று உலகம் நினைவில் வைத்திருப்பதே பௌட்டன் அதற்குள் இருந்து எழுதிய இந்தக் குறிப்புகளால்தான்.

அவர் எப்படி எழுதினார்? வேறு யாராவது எழுதிக் கொடுத்ததா?

கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் எழுதினார்: ஓட்டல் தாள், கடித உறை, விமானத்தில் கொடுக்கும் பை. இரவில் அந்தக் குறிப்புகளை ஒலிப்பதிவுக் கருவியில் விரித்துப் பேசி அனுப்புவார். அதைத் தொகுத்துச் செப்பனிட்டவர் லியனார்ட் ஷெக்டர் என்ற நியூயார்க் விளையாட்டுச் செய்தியாளர். பௌட்டனின் பேச்சுநடை கெடாமல் பார்த்துக்கொண்டது ஷெக்டரின் பெருமை. ஒரு வீரரின் வாழ்க்கையைப் பத்திரிகையாளர் தம் நடையில் எழுதி வீரரின் பெயரைப் போடும் வழக்கத்திற்கு இது நேர் எதிரானது. வாக்கியங்கள் பௌட்டனுடையவை, வெட்டும் கை ஷெக்டருடையது.

நூல் வெளிவந்ததும் எழுந்த கூச்சல் எதைப் பற்றியது?

பெரும்பாலும் மிக்கி மேன்டிலைப் பற்றியது. யாங்கீஸ் அணியின் மேன்டில் ஒரு தலைமுறைச் சிறுவர்களின் கடவுள். அவர் குடிப்பார், குடிமயக்கம் தெளியாமலே ஆட வருவார், கையெழுத்துக் கேட்டு வரும் சிறுவர்களின் முகத்துக்கு எதிரே பேருந்தின் சன்னலை இழுத்து மூடுவார் என்றெல்லாம் பௌட்டன் எழுதினார். ஒரு நாள் மேன்டில் ஆடும் நிலையில் இல்லாமல் பெஞ்சில் கிடந்தபோது திடீரென்று மட்டையெடுக்க அனுப்பப்பட்டு, ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸரைப் போன்ற அடி) அடித்துவிட்டுத் திரும்பி, அது எவ்வளவு கடினமான காரியம் என்று கைதட்டியவர்களுக்குத் தெரியாது என்று சொன்ன நிகழ்ச்சியும் அதில் உண்டு.

இந்தப் பகுதிகளை மட்டும் பெயர்த்தெடுத்து மேற்கோள் காட்டியவர்கள் அதே நூலில் உள்ள இன்னொரு நிகழ்ச்சியை விட்டுவிட்டார்கள். 1962இல், புதிதாக வந்த பௌட்டன் எதிரணிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் தம் முதல் வெற்றியைப் பெற்றுவிட்டு உடைமாற்றும் அறைக்கு வந்தபோது, கதவிலிருந்து அவருடைய இருக்கை வரை வெள்ளைத் துண்டுகளைப் பாதைபோல விரித்து வைத்தவர் மேன்டில். 1964 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் பௌட்டனுக்கு வெற்றி தேடித் தந்ததும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மேன்டில் அடித்த ஹோம் ரன்தான். நன்றியும் ஏமாற்றமும் ஒரே மனிதரைக் குறித்து ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதை மறைக்காமல் எழுதியிருப்பதால் அந்தப் பக்கங்களை நான் அவதூறாகப் படிக்கவில்லை.

‘கிரீனீஸ்’ என்று நூலில் வருவது என்ன?

ஆம்ஃபெட்டமின் வகைத் தூண்டு மாத்திரைகள். நீண்ட பருவத்தில் களைப்பையும் முந்தைய இரவின் குடியையும் தள்ளிவைக்கப் பல வீரர்கள் அவற்றை விழுங்கினார்கள் என்று பௌட்டன் பெயர் மறைக்காத ஒரு வழக்கமாக எழுதினார். அந்த மாத்திரைகளுக்கு எதிரான பரிசோதனையைப் பெரிய லீக்குகள் தொடங்கியது 2006இல்தான். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான காலத்தில், தெரியாது என்று சொல்லும் உரிமை நிர்வாகத்தில் எவருக்கும் இருக்கவில்லை.

நூலின் மிக முக்கியமான பகுதி எது?

சம்பளம் பற்றிய பகுதிகள். இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். மேன்டிலைப் பற்றிய பரபரப்பில் அவை பலர் கண்ணிலிருந்து மறைந்துபோயின.

1969இல் ஒரு வீரருக்குத் தம் உழைப்பை வேறு அணிக்கு விற்கும் உரிமை கிடையாது. ஒப்பந்தத்தில் ஒரு தக்கவைப்பு விதி இருந்தது. ஆண்டு முடிந்தாலும் வீரரை அடுத்த ஆண்டுக்குத் தக்கவைத்துக்கொள்ள அணிக்கு அது உரிமை தந்தது. அதை ஆண்டுதோறும் புதுப்பித்து, ஒருவரை வாழ்நாள் முழுக்கக் கட்டிவைக்கலாம் என்று உரிமையாளர்கள் பொருள்கொண்டார்கள். அவர் விரும்பாத ஊருக்கு அவரை விற்கலாம், மாற்றலாம், கீழ்நிலை லீக்குக்கு அனுப்பலாம். அவருடைய ஒரே மறுப்பு ஆட்டத்தையே விட்டுவிடுவதுதான். பேரம் பேசத் துணைக்கு யாரையும் அழைத்துவர நிர்வாகம் விடாது. அடுத்த இருக்கைக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்பதும் தெரியாது. சம்பளத்தை வெளியே சொல்வது ஒழுங்கீனம் என்று வீரர்களையே நம்பவைத்திருந்தார்கள்.

பௌட்டன் தம் எண்களை அச்சிட்டார். 21 ஆட்டங்களை வென்ற 1963க்கு அடுத்த ஆண்டு அவர் 20,000 டாலர் கேட்டார். பொது மேலாளர் ரால்ஃப் ஹூக் 18,500க்கு மேல் தர மறுத்ததோடு, குறித்த நாளுக்குள் கையெழுத்திடாவிட்டால் நாளொன்றுக்கு 100 டாலர் அபராதம் என்றும் அச்சுறுத்தினார். பௌட்டன் 18,500க்கே இறங்கிவந்தார். உலகின் புகழ்பெற்ற அணியின் முன்னணி எறிவீரருக்கு நடந்தது இது. பைலட்ஸ் அணியில் அவருக்கு 22,000 டாலர். பேரம் பேசாமலே அந்தத் தொகை கிடைத்ததில் அவருக்கு ஒருவகை ஏமாற்றம் ஏற்பட்டது என்ற குறிப்போடுதான் நாட்குறிப்பே தொடங்குகிறது. எதிர்த்து நின்று பழகியவரின் மனநிலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

இந்த எண்களுக்குப் பின்புலமாக ஒரு தொழிற்சங்கக் கதை ஓடிக்கொண்டிருந்தது. எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியலாளராக இருந்த மார்வின் மில்லர் 1966இல் வீரர்கள் சங்கத்தின் தலைமைக்கு வந்தார். 1968இல் முதல் கூட்டு ஒப்பந்தம் மூலம் குறைந்தபட்சச் சம்பளம் 6,000 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்ந்தது. 1969 தொடக்கத்தில் ஓய்வூதியத்துக்காக வீரர்கள் ஒப்பந்தங்களில் கையெழுத்திடாமல் நின்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தம்மைக் கேட்காமல் பிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை எதிர்த்த கார்டினல்ஸ் வீரர் கர்ட் ஃப்ளட் 1970 ஜனவரியில் வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரு வீரர்களுக்கும் சார்பாகத் தீர்ப்பளித்தபோதுதான் தக்கவைப்பு விதி உடைந்தது. வீரர்கள் செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட சிறுவர்கள் என்று எண்ணியிருந்த பொதுமக்களுக்கு, அவர்களும் கூலிக்கு வேலை செய்பவர்கள், அதுவும் கட்டுண்ட நிலையில் செய்பவர்கள் என்று எடுத்துக்காட்டிய முதல் பெருவிற்பனை நூல் இது.

பயிற்சியாளர்களை அவர் எப்படிக் காட்டுகிறார்?

பைலட்ஸ் மேலாளர் ஜோ ஷுல்ட்ஸ், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைகளைப் புதுப்புது விதமாகக் கோத்துப் பேசுபவர். எந்த ஆட்டம் முடிந்தாலும் வீரர்களைப் பட்வைசர் பீரை நோக்கி விரட்டுபவர். பௌட்டன் அவரைக் கேலி செய்தாலும் அவர்மீது வெறுப்பில்லை. நம்பிக்கையற்ற ஓர் அணியைச் சிரிக்கவைத்து நடத்திச் செல்வதும் ஒரு திறமை என்று வாசகருக்குத் தோன்றும்படி அந்தப் பாத்திரம் உருவாகிறது. அந்த மனிதருக்கும் பருவம் முடிந்ததும் வேலை போனது.

எறிவீரர்களுக்குப் பயிற்சி தந்த சால் மாக்லியைப் பற்றிய பகுதிகள் கசப்பானவை. சிறுவயதில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ரசிகராக இருந்த பௌட்டனுக்கு மாக்லி ஆதர்ச வீரர். இங்கோ, நக்கிள்பால் கைக்குள் நிற்க அடிக்கடி எறிந்து பழக வேண்டும் என்று அவர் கெஞ்சும்போதெல்லாம் கைக்கு ஓய்வு கொடு என்ற பொது விதியே பதிலாக வருகிறது. ஒரு பந்தை எறிந்த பிறகு, வேறு பந்தை எறிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் பயிற்சியாளரின் கீழ் வேலை செய்வது என்ன என்பதை இந்தப் பக்கங்கள் காட்டுகின்றன.

சக வீரர்களில் நினைவில் நிற்பவர்கள் யார்?

அறைத்தோழர் கேரி பெல், அந்த அணிக்கே உரிய நகைச்சுவையின் இதயம். ஸ்டீவ் ஹோவ்லி, தஸ்தயேவ்ஸ்கியைப் படிப்பதாலேயே விநோதப் பிறவியாகப் பார்க்கப்பட்டவர். மைக் மார்ஷல், உடலியக்கம் பற்றித் தாமே ஆய்ந்து பேசியதால் பயிற்சியாளர்களுக்குப் பிடிக்காமல் போனவர். அந்த மார்ஷலே 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடி, சிறந்த எறிவீரருக்கான சை யங் விருதைப் பெற்றார். பருவம் தொடங்கும் முன்பே பைலட்ஸ் கைவிட்ட லூ பினியெல்லா, கான்சஸ் சிட்டிக்குப் போய் அதே 1969இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுக வீரரானார். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று அந்த நிர்வாகம் எப்படித் தீர்மானித்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பெயர் நீக்கப்பட்ட வீரர் தம் பொருட்களை மூட்டை கட்டும்போது மற்றவர்கள் அவர் கண்ணைப் பார்க்கத் தயங்கும் பயிற்சி முகாமின் காட்சிகள் இந்த நூலின் உச்சம். ஏப்ரல் மாதத்தில் பௌட்டனையே வான்கூவருக்கு, கீழ்நிலை லீக்குக்கு, அனுப்பினார்கள். சில வாரங்களில் திரும்பிவந்தார். ஆகஸ்டில் ஹூஸ்டனுக்கு மாற்றப்பட்டார். மனைவியையும் பிள்ளைகளையும் வாடகை வீட்டையும் வைத்துக்கொண்டு ஓர் ஆண்டில் மூன்று ஊர் மாறுபவரின் நிலையை, சிரிப்பு மூட்டும் பக்கங்களுக்கு நடுவில் வைத்துப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

நிர்வாகத்தின் எதிர்வினை என்ன?

‘லுக்’ இதழில் சில பகுதிகள் வெளிவந்ததுமே பேஸ்பால் ஆணையர் போவி கூன் பௌட்டனைத் தம் நியூயார்க் அலுவலகத்திற்கு அழைத்தார். பௌட்டன் மார்வின் மில்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். எழுதியவை உண்மையல்ல என்று சொல்லும் அறிக்கை ஒன்றில் கையெழுத்திடச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். ஆணையரின் கண்டனம் நூலுக்குக் கிடைத்த மிகப் பெரிய விளம்பரமானது.

ஆட்டக்களத்தில் வேறு மாதிரி பதில்கள் வந்தன. சின்சினாட்டியின் பீட் ரோஸ், எறிமேட்டில் நின்ற பௌட்டனை ‘ஷேக்ஸ்பியர்’ என்று அழைத்து வசைபாடினார். சான் டியாகோ அணியினர் நூலைக் கொளுத்தி, கருகிய பக்கங்களை அவர் அணியின் அறையில் போட்டுவைத்தார்கள். நியூயார்க் டெய்லி நியூஸ் பத்திரிகையின் டிக் யங், பௌட்டனையும் ஷெக்டரையும் சமூகத் தொழுநோயாளிகள் என்று எழுதினார். பின்னர் நேரில் சந்தித்தபோது, நீங்கள் அதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளாதது மகிழ்ச்சி என்று யங் சொன்னார். அந்த வாக்கியத்தையே பௌட்டன் 1971இல் வந்த தம் இரண்டாவது நூலுக்குத் தலைப்பாக வைத்தார்.

நண்பர்களின் நம்பிக்கையைக் குலைத்தது தவறில்லையா?

இது நேர்மையான கேள்வி, எளிதான பதிலும் இல்லை. இங்கே பார்ப்பதையும் கேட்பதையும் இங்கேயே விட்டுச் செல்லுங்கள் என்ற வாசகம் அந்நாளில் பல அணிகளின் உடைமாற்றும் அறைகளில் தொங்கியது. வீட்டுப் பேச்சு படி தாண்டக் கூடாது என்பது நமக்கும் புரியும் அறம்தான். ஆனால் அந்த அறை வீடல்ல, பணியிடம். அங்கே நிலவிய மௌனத்தால் மிக அதிகம் பயனடைந்தவர்கள் அணி உரிமையாளர்கள். சம்பளம், மாத்திரை, பேரம், அணியிலிருந்து நீக்கம் ஆகியவற்றைப் பற்றி எழுதியதில் பௌட்டன் எவருடைய நம்பிக்கையையும் குலைக்கவில்லை, பயத்தைத்தான் குலைத்தார் என்று நான் கருதுகிறேன்.

பெண்களைப் பற்றிய பகுதிகளில் அந்த வாதம் செல்லாது. ஓட்டல் கூரைகளிலும் அரங்குகளின் அடியிலும் பதுங்கிப் பெண்களை ஒளிந்து பார்ப்பதை வீரர்களின் பொழுதுபோக்காகச் சிரிப்போடு விவரிக்கிறார். பார்க்கப்பட்ட பெண்ணின் பக்கம் அவர் பேனா ஒருமுறைகூடத் திரும்புவதில்லை. எல்லா அதிகாரத்தையும் கேள்வி கேட்டவருக்கு இது கண்ணில் படவில்லை என்பது நூலின் உண்மையான குறை. அவருடைய முதல் மனைவி பாபி பௌட்டனும், மைக் மார்ஷலின் முன்னாள் மனைவி நான்சி மார்ஷலும் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களாக 1983இல் ‘ஹோம் கேம்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார்கள். வீரர்கள் ஊர் ஊராகச் சுற்றிய அந்த ஆண்டுகளில் வீட்டில் இருந்தவர்கள் என்ன அனுபவித்தார்கள் என்பதை அறிய விரும்புபவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எழுதியதெல்லாம் உண்மையா?

அன்று கோபித்தவர்களும், இப்படி நடக்கவில்லை என்பதைவிட, இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்றுதான் அதிகம் வாதிட்டார்கள். அன்றன்று எடுத்த குறிப்புகளாக இருப்பதால் பின்னாளில் நினைவைத் திருத்தி எழுதும் வாய்ப்பும் குறைவு. பௌட்டனின் காகிதங்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. எனினும் இது ஒருவரின் பார்வை. தம்மைக் கீழே அனுப்பியவர்களைப் பற்றி அவர் எழுதும்போது அந்தக் காயத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பௌட்டன் பிறகு என்ன ஆனார்?

1970இல் ஆஸ்ட்ரோஸ் அவரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பியதும் ஓய்வு பெற்றார். நியூயார்க் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி வாசித்தார். ஆட்டத்தை விடமுடியாமல் சிறிய அணிகளில் மீண்டும் எறியத் தொடங்கி, 1978 செப்டம்பரில், 39ஆம் வயதில், அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்காக ஒரு வெற்றியும் பெற்றார். வீரர்கள் மெல்லும் புகையிலைக்கு மாற்றாக, துருவிய பபிள்கம்மைப் பையில் அடைத்து விற்கும் ‘பிக் லீக் சூ’ என்ற பண்டத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த இருவரில் அவரும் ஒருவர்.

யாங்கீஸ் அணி தன் முன்னாள் வீரர்கள் தினத்திற்கு அவரை ஆண்டாண்டுகளாக அழைக்கவில்லை. மேன்டிலின் மகன் 1994இல் இறந்தபோது பௌட்டன் இரங்கல் எழுதினார். அதற்கு மேன்டில், தம்மால்தான் அவர் ஒதுக்கப்படுகிறார் என்ற பேச்சு உண்மையல்ல என்று தொலைபேசியில் செய்தி விட்டிருந்தார். 1997இல் பௌட்டனின் மகள் விபத்தில் இறந்தார். மறு ஆண்டு, தந்தையை மீண்டும் அழைக்க வேண்டும் என்று அவருடைய மகன் நியூயார்க் டைம்ஸில் எழுதியதைத் தொடர்ந்து, 1998 ஜூலையில் அழைப்பு வந்தது. 2019 ஜூலை 10 அன்று தமது 80ஆம் வயதில் அவர் காலமானார்.

இதைப் போன்ற வேறு நூல்கள் உண்டா?

முன்னோடி ஒன்று உண்டு. ஜிம் பிராஸ்னன் என்ற எறிவீரர் தம் 1959 பருவத்தைத் துணை எழுத்தாளர் இன்றித் தாமே எழுதி 1960இல் வெளியிட்டார். அடக்கமான, நுட்பமான நடை. பௌட்டனுக்குப் பிறகு வந்தவற்றில் குறிப்பிடத்தக்கது, யாங்கீஸ் எறிவீரர் ஸ்பார்க்கி லைல் பீட்டர் கோலன்பாக்குடன் சேர்ந்து 1979இல் வெளியிட்ட ‘தி பிராங்ஸ் ஸூ’. 1977இல் சை யங் விருது பெற்ற லைலுக்கு மேலே, யாங்கீஸ் உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் அடுத்த ஆண்டுக்கே கூஸ் கோசேஜ் என்ற இன்னொரு எறிவீரரை வாங்கி உட்காரவைத்தார். அணியின் நட்சத்திர வீரர் ரெஜி ஜாக்சனையும் உரிமையாளரையும் தாக்கிப் பேசிய மேலாளர் பில்லி மார்ட்டின் 1978 ஜூலையில் கண்ணீரோடு விலகினார். பாஸ்டனைவிட 14 ஆட்டங்கள் பின்தங்கியிருந்த அந்த அணி மேலேறி உலகத் தொடரையும் வென்றது. கொந்தளிப்பு என்று பார்த்தால் அது பைலட்ஸை மிஞ்சும். ஆனால் லைல் எழுதியது வெற்றி பெற்ற அணியின் சண்டைகளை. ஒவ்வொரு நாளும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் தவிப்பு அதில் இல்லாததால் எனக்கு அது ஒரு படி கீழேதான். பின்னர் முன்னாள் வீரர் ஹோசே கான்செகோ 2005இல் ஸ்டீராய்டு பயன்பாட்டை வெளிப்படுத்தி எழுதிய நூல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை வரை சென்றது. அதன் தாக்கம் பெரிது, எழுத்து சாதாரணம்.

எந்தப் பதிப்பை வாங்குவது நல்லது?

1970 மூலத்தோடு, 1981, 1990, 2000 ஆகிய ஆண்டுகளில் பௌட்டன் எழுதிச் சேர்த்த பின்னிணைப்புகள் அடங்கிய பதிப்பைத் தேடுங்கள். பழைய தோழர்களில் யார் என்ன ஆனார்கள், விவாகரத்து, மகளின் மரணம், யாங்கீஸ் அரங்கத்திற்குத் திரும்பியது ஆகியவை அவற்றில் வருகின்றன. முதல் வாசிப்பில் மூல நூலை மட்டும் முடித்துவிட்டு, சில வாரங்கள் கழித்துப் பின்னிணைப்புகளுக்குப் போவது நல்லது. தொடர்ந்து படித்தால் பிந்தைய ஆண்டுகளின் கனிவு முப்பது வயதுக்காரரின் கோபத்தை மழுங்கடித்துவிடும். அந்தக் கோபத்தோடுதான் மூல நூலை முதலில் சந்திக்க வேண்டும்.